பஞ்சநாதன் வாங்கிக்கொண்ட விரதம்

பம்ப் ஸ்டவ்வில் ஊசிகள் கொதிக்கின்றன. பஞ்சநாதன் மூடியைத் திறந்து பார்க்கவே மாட்டார். சத்தத்தைக் கேட்டே, "இன்னும் பத்து நிமிஷம் ஆகணும். பருப்பை அவசரப்படுத்தினா வேகாதுங்க டாக்டரய்யா" என்பார். கலியாண வீடுகளில் ஐந்நூறு இலைக்குச் சமைக்கிற மனிதருக்குப் பருப்பும் ஊசியும் ஒன்றுதான். ஸ்டவ்வைப் பற்றவைக்கும் முன்னால் ஊசிப் பாத்திரத்துக்கும் விபூதி பூசிவிடுவார். "உள்ளே விழாமப் பாத்துக்கய்யா" என்பதோடு டாக்டரும் விட்டுவிடுவார்.

காரைக்கால் கோவில்பத்தில் சும்மா கிடந்த நெல் கிடங்கு, செவ்வாய்க்கிழமை காலையானால் தர்ம ஆஸ்பத்திரியாகிவிடும். ஓய்வு பெற்ற டாக்டர் சோமசேகரன் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை யாரும் கலியாணம் வைப்பதில்லை. அதனால் பஞ்சநாதனும் காசு வாங்காமல் வந்துவிடுகிறார். மூட்டை நிறுக்கிற தராசில்தான் நோயாளிகளுக்கு எடை. "மூச்சைப் பிடிச்சா எடை கூடாது ஆத்தா. எறங்கி வயித்துக்குச் சாப்பிடு" என்று பஞ்சநாதன் சிரிப்பார். மருந்துத் தண்ணிக்கு ஜனங்கள் கொண்டுவரும் பாட்டில்களில், குடிக்கிற அளவு தெரிய, வேளைக்கு ஒரு பல்லாகக் காகிதத்தை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தருவார். நோய் என்னவென்று யாரையும் கேட்கமாட்டார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பார். "சாமி குடுத்த வயிறு. காயப் போடலாமா?" அவருடைய தொப்பையைப் பார்த்தாலே அதை அவர் எவ்வளவு பக்தியாகக் கடைப்பிடிக்கிறார் என்று தெரியும்.

போன மாதம் ஒரு சங்கடம் வந்தது. நெடுங்காட்டுச் செல்லம்மா, நடவு வேலைக்குப் போகிறவள். டி.பி.க்கு மூன்று மாதமாக மாத்திரை வாங்குகிறாள். தராசு முப்பத்தாறு கிலோவை விட்டு அசையவில்லை. இருமலும் குறையவில்லை. டாக்டருக்குப் புரியவில்லை.

"காலையிலே என்ன சாப்பிட்டே?" என்றார் பஞ்சநாதன் வழக்கம்போல. மற்ற வாரங்களில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க. செவ்வா, வெள்ளி பகல் பூரா பச்சத்தண்ணிதான். இந்த இருமல் போகணும்னு முருகனுக்கு நேந்திருக்கேன்."

"அப்ப மாத்திரை?"

"காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்னு நீங்கதானே சொன்னீங்க? சாப்பிட்டாத்தானே போடுறதுக்கு? அதுவும் வாய்க்குள்ளதானே போகுது!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வாரத்துல ரெண்டு நாள் விட்டா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. நீ பிழைக்கிறதே கஷ்டம். முதல்ல விரதத்தை விடு."

"விட்டா அவன் கோவிச்சுக்குவான். மாத்திரையை வேணா நிறுத்திடறேங்க." செல்லம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பஞ்சநாதனுக்குச் சாமியைக் குறை சொல்ல வராது. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"இரு தங்கச்சி. நீ நேந்துகிட்டதை அண்ணன் செஞ்சா முருகன் வேணாம்பானா?"

"எனக்கு ஏது அண்ணன்?"

"இந்தா நிக்கிறேனே, இம்மாம் பெரிசா! கண்ணு தெரியலையா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "யோவ், ஒரு வேளை தாங்குவியாய்யா நீ?" என்றார் டாக்டர்.

செல்லம்மா சிரிக்கவில்லை. "தண்ணி மட்டுந்தான். டீ கூட ஆகாது."

"சரி."

"ஒளிச்சு வச்சுத் தின்னா என் தலையிலதான் விழும்."

"சரி தாயி."

தன் மணிக்கட்டிலிருந்த காப்புக் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கட்டினாள். எட்டவில்லை. மேஜைமேல் இருந்த பஞ்சுக் கட்டின் நூலை எடுத்து ஒட்டுப்போட்டு முடிந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கிடங்கிலேயே அவளுக்குப் பச்சைப்பயறு போட்டு நொய்க்கஞ்சி வைத்தார் பஞ்சநாதன். காலையிலிருந்து பட்டினி. அவர் வயிறு போட்ட சத்தம் பக்கத்திலிருந்தவர்களுக்கே கேட்டது. கஞ்சி கொதித்து வாசனை எழும்பியதும், முப்பது வருஷமாகச் செய்கிற மாதிரி கரண்டியில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனார்.

செல்லம்மா மாத்திரையை இறுக்கிப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தாள்.

கை உதட்டருகே நின்றது. பஞ்சநாதன் அதைத் துண்டில் துடைத்துக்கொண்டார். இன்னொரு கரண்டி எடுத்து, ஆறவிட்டு, அவள் உள்ளங்கையில் ஊற்றினார்.

"உப்புப் பாரு, தங்கச்சி."