பன்னிரண்டு நாள் மூடாத கோப்பு

அலுவலகத்தில் அவளுக்கு ரெட்டைக்கார்டு அக்கா என்று பெயர். வயதானவர்களுக்கு ஓர் அரசுக் காப்பீடு, வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னொன்று. இரண்டு கார்டும் வைத்திருப்பவர்களின் வைத்தியத்தை ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. ரெட்டைக் கார்டு இருந்தால் ரெட்டைக் கவனிப்பு என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் கிடையாது. இந்தக் காப்பீட்டு அலுவலகத்தைக் கேட்டால் அதைக் கேள் என்பார்கள், அதைக் கேட்டால் இதைக் கை காட்டுவார்கள். அக்கா இரண்டு அலுவலகத்தையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிடுவாள். "இப்ப ரெண்டு பேரும் என் காதுபட சொல்லுங்க, யார் பணம் தர்றது?" அப்புறம் எங்கே நழுவுவது?

பதினேழு வருடமாக ஊருக்கெல்லாம் பேசியவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரே தட்டு. அண்ணன் குடும்பம் பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதோடு சரி. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் வரை வாயே திறந்திருக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு தையற்காரரின் கோப்பு வந்து சேர்ந்தது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. சர்க்கரை நோயில் ஒரு கால் போய், மூன்றாம் மாடி அறையில் தனியாக இருந்தார். லிஃப்ட் இருந்தும் அது இருக்கும் இடம் வரை நடக்க முடியவில்லை. மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்காக அக்கா ஏழு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாள். தினமும் பதினோரு மணிக்கு அவர் போன் வரும்.

"நாற்காலி என்னாச்சுன்னு கேக்கலம்மா. காலையில சாப்டியா, அதைச் சொல்லு."

"சாப்பிட்டேன் ஐயா."

"பொய். குரல்லயே பசி தெரியுது."

சிரிப்பாள். நாள் முழுக்க அவள் சிரிப்பது அந்த ஒருமுறைதான்.

ஒருவழியாக இரண்டு அனுமதியும் வந்தன. கோப்பில் 'முடிந்தது' என்று குறித்தால் போதும், நாற்காலிக் கடைக்கு உத்தரவு போய்விடும். கூடவே கோப்பும் மூடிக்கொள்ளும். இனி அவர் அழைத்தால் பொது எண்ணில் யாரோ எடுப்பார்கள். அவள் குறிக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்லிக் காப்பாற்றலாம்தான், எனக்கு மனசு வரவில்லை. தெரிந்துதான் செய்தாள். நாளைக்குப் பார்க்கலாம், ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று. பாவி, அந்த ஒரு நாள் பன்னிரண்டு நாளாகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் போன் வந்தது. தண்ணீர் எடுக்க ஊன்றுகோலோடு போனவர் விழுந்திருந்தார். "கையில வெறும் சுளுக்குதான்மா, பயப்படாதே."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே 'முடிந்தது' என்று குறித்தாள்.

"ஐயா, அனுமதி வந்து பன்னெண்டு நாளாச்சு. நான்தான் அனுப்பல. அனுப்பிட்டா அப்புறம் உங்க போன் எனக்கு வராதேன்னு..."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாற்காலி வந்ததும் முதல்ல எங்க போறதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன்மா," என்றார். "உன் ஆபீஸுக்குத்தான். இத்தனை நாள் பேசுறோம், மூஞ்சியப் பாத்ததில்லையேன்னு."

"இப்ப வர மாட்டீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் நாற்காலி போய்ச் சேர்ந்ததாகக் கடையிலிருந்து தகவல் வந்தது. அன்றைக்கே அக்கா தன் மேசைக்கு முன்னாலிருந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள். சக்கர நாற்காலி வந்தால் இடம் வேண்டுமே. மூன்று மாதமாகிறது. வருகிறவர்கள் எல்லாம் நின்றுகொண்டேதான் பேசிவிட்டுப் போகிறார்கள்.