ஊமையாகாத வைரஸ்

பூந்தமல்லிக்கு அருகே ஒரு தடுப்பூசி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உயிருள்ள ஃப்ளூ வைரஸையே தீங்கில்லாத தடுப்பு மருந்தாக்குவது எங்கள் வேலை. அதன் மரபணுவில் ஒரு சிறு துண்டைச் செருகியிருந்தோம். கோழி முட்டையில் அது நன்றாக வளரும். எலி, மனித உடலுக்குள் போனாலோ, அங்குள்ள நுண் ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு அந்தத் துண்டை அடையாளம் கண்டு, மரபணுவைச் செயல்படவிடாமல் ஊமையாக்கிவிடும். வைரஸ் பெருகாது, உடல் மட்டும் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

இது நிலைக்குமா என்று பார்க்க, ஒரு எலியின் நுரையீரலில் மிஞ்சிய வைரஸை அடுத்த எலிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று கொடுத்து வந்தோம். நான்கு சுற்று வரை ஒன்றும் ஆகவில்லை.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். ஐந்தாம் சுற்றில் ஒரு காலை என்னைக் கதவருகிலேயே நிறுத்தினார்.

"மேடம், மூணாவது கூண்டுல ஒண்ணு சரியில்ல. முடியெல்லாம் சிலுத்துகினு மூலையில குந்திகினு கீது."

எடை குறைந்திருந்தது. மதியத்துக்குள் மூச்சு வாங்கியது. வலியில்லாமல் அதன் உயிரை முடித்து, வைரஸின் மரபணுவைப் படித்தோம். நாங்கள் செருகிய துண்டில் சில எழுத்துகள் மாறியிருந்தன. இனி எந்த உடலும் அதை ஊமையாக்காது.

எங்கள் ஆய்வகத் தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு எலிதானே? இன்னொரு தடவ செஞ்சு பாப்போம். அதுவரைக்கும் ரிப்போர்ட்ல வேணாம்."

மறுநாள் காலை எலிக்காரர் வரவில்லை. போன் செய்தேன்.

"காய்ச்சல் மேடம். ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல கீது."

"வீட்ல யாரு இருக்கா?"

"பேத்தி கீறா. மடியிலதான் குந்திகினு கீறா."

"குழந்தைய எறக்கி விடுங்க. தனி ரூமுக்குப் போயிடுங்க."

பேத்தியை இறக்கிவிடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த மூணாவது கூண்டா மேடம்?"

தெரியவில்லை என்றேன். ஆய்வகப் பாதுகாப்பு அதிகாரியோடு அவர் வீட்டுக்குப் போய், மூக்கிலிருந்து மாதிரி எடுத்து வந்தேன். மாலையில் தெரிந்தது: ஊரில் சுற்றிக்கொண்டிருந்த சாதாரண ஃப்ளூ. எங்களுடையது அல்ல.

அன்றே அந்த எலியையும் சேர்த்து அறிக்கை எழுதி, கையெழுத்திட்டுத் தலைவர் மேசையில் வைத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். தானும் கையெழுத்திட்டார். வேலை பல மாதம் நின்றது.

எலிக்காரர் குணமாகி வந்தார். ஆனால் உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை வாசல் காவலுக்கு மாற்றிக்கொண்டார்.

இப்போது அந்தத் துண்டை மூன்று மரபணுக்களில் செருகியிருக்கிறோம்; ஒன்று மாறினாலும் மற்றவை வைரஸை அடக்கும். பத்து சுற்று முடிந்துவிட்டது. எலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. தினமும் நானே எடை போடுகிறேன்.