ஜனாதிபதிக் கப்பலின் அணியத்தில் ஒரு மாதா

காலை ஏழரைக்கு நானும் அன்ரன் அண்ணையும் மொன்ட்ரியால் செயின்ட்-மிஷேலில் பஸ் ஏறினோம். கார்த்திகைக் குளிர். பஸ் கண்ணாடியெல்லாம் ஈரம். அன்ரன் அண்ணை எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டில் இருப்பவர், மன்னார்க் கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற சமையற்காரர். பிரெஞ்சு கதைக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் கார்டெரி என்கிற காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். மூன்று வயதுக்காரரோடு கதைக்கிற பிரெஞ்சு, கப்பல் உடைக்கிறவர்களிடம் எடுபடுமா என்று எனக்கே சந்தேகம்.

பச்சைப் பாதை மெட்ரோவில் கிழக்குக் கடைசி நிலையம்வரை போய், ஆற்றோரமாகப் போகும் இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அந்த நேரத்துக்குள், நாங்கள் தேடிப் போன கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு ஜனாதிபதிக்காகக் கட்டிய உல்லாசப் படகு. எந்த நாட்டு ஜனாதிபதி என்று எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள், விடுகிறேன். படகு என்பது பேச்சுக்குத்தான், எங்கள் கட்டிடத்தைவிட நீளம். முதலில் ஜனாதிபதிமார் அதில் தூண்டில் போட்டார்கள். தலைசுற்றிப்போன விருந்தாளிகளிடம் ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கினார்கள். யுத்தம் வந்ததும் சாம்பல் நிறம் பூசி, பீரங்கி பொருத்தி, காவலுக்கு விட்டார்கள். யுத்தம் முடிய, காயப்பட்ட மாலுமிகள் அதில் படுத்திருந்தார்கள். பிறகு சிக்கனம் பேசி ஆட்சிக்கு வந்த ஒருவர், படமெடுக்க ஆட்களை அழைத்து வைத்துக்கொண்டு அதை விற்றார். வாங்கிய வியாபாரி செயின்ட் லோரன்ஸ் ஆற்றால் மொன்ட்ரியால் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவந்து உணவகமாக்கினார். ஜனாதிபதியின் படுக்கையறையில் மடிப்புக் கதிரைகளை அடுக்கினார்கள். எங்கள் ஆட்கள் மேல்தளத்தில் சாமத்தியவீடுகூடச் செய்தார்கள். வயதுக்கு வந்ததென்று பல்லக்கில் இருத்திய பிள்ளையின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. கடைசியில் வியாபாரம் படுத்தது, கப்பல் உடைக்கப் போனது.

அந்த உணவகம் திறந்த நாளில் இருந்து மூடும்வரை அங்கே சமைத்தவர் அன்ரன் அண்ணை. வேலைக்குச் சேர்ந்த கிழமையே, அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், கயிறு வைக்கும் அறைக்குள் மன்னார் மடுக் கோயில் மாதாவின் சுரூபம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். சாண் உயர மரச் சுரூபம். அவர் தம்பி சூசையின் மீன்பிடி வள்ளத்தில் இருந்தது. ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் கடலுக்குப் போன சூசை திரும்பவில்லை. வள்ளம் மட்டும் மாதாவோடு கரையொதுங்கியது. தம்பியுடையது என்று அண்ணையிடம் வேறெதுவும் இல்லை, ஒரு படம்கூட இல்லை.

"மூடின அண்டைக்கே கழற்றிக்கொண்டு வந்திருக்கலாமே அண்ணை?" என்று பஸ்ஸில் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"மிதக்கிற வள்ளத்தில இருந்து மாதாவை இறக்கக் கூடாது தங்கச்சி. அது வள்ளத்தைக் கைவிடுற மாதிரி. கரையில ஏத்தினாப் பிறகு, உடைக்க முன்னம் போய் எடுக்கவேணும். அதுதான் முறை."

"உங்கட முறை அவங்களுக்குத் தெரியுமே?"

"கப்பலோட வேலை செய்யிறவங்களுக்குத் தெரியாமல் இருக்குமே? போன கிழமையும் அது தண்ணியில நிண்டதை எங்கட பழைய வெயிற்றர் பார்த்தவன். நேரம் இருக்கு."

இறங்கவேண்டிய இடம் வர நான் மணியை அமுக்கினேன்.

உடைக்கும் தளத்தின் வாசலில் மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர், நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், தலைக்கவசம் தந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கப்பல் மிதந்துகொண்டுதான் இருந்தது. பின்பாதி மட்டும். உணவகத்துச் சின்ன விளக்குகள் இன்னும் அதில் தொங்கின. முன்பாதி இருந்த இடத்தில் வெறும் சேறு.

"முன்பக்கத்தைத்தான் முதலில் கரைக்கு இழுத்து வெட்டுவோம் மதாம். பின்பக்கம் தண்ணீரிலேயே நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம்."

தமிழில் சொன்னேன். அன்ரன் அண்ணை அந்தப் பாதிக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் மிதக்குதே," என்றார்.

மேற்பார்வையாளர் எங்களை ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஜனாதிபதியின் கதிரை, கப்பல் மணி, ஒப்பந்தம் எழுதிய மேசை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள், அருங்காட்சியகத்துக்காம். சுரூபம் வெண்கலமா என்று கேட்டார். மரம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மரத்தையும் பழைய கயிற்றையும் ஒரே தொட்டியில் போட்டு லொறியில் அனுப்பிவிடுவார்களாம், அது போய் இரண்டு கிழமை. ஜனாதிபதி உட்கார்ந்த கதிரைக்குக் கிடைத்த பிளாஸ்டிக்கில் ஒரு முழம் இந்தச் சுரூபத்துக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"எரிச்சவங்களோ, தாட்டவங்களோ எண்டு ஒருக்காக் கேளும் தங்கச்சி."

கேட்டேன். மேற்பார்வையாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சிலதை எரிப்பார்கள், சிலதைப் புதைப்பார்கள், எதை எங்கே என்று தங்களுக்குச் சொல்வதில்லை என்றார்.

"தெரியாதாம் அண்ணை."

"சூசையைத் தேடி நேவிக் காம்புக்குப் போன நேரமும் இதைத்தான் சொன்னவங்கள்," என்றார்.

திரும்பிப் போக பஸ் ஏறினோம். ஊரையும் இந்த நாட்டையும் ஒப்பிட்டு ஆயிரம் கதை சொல்கிறவள் நான். அங்கே, நேவிக் காம்பில், அந்தப் பதிலைச் சொன்னவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருப்பான், இங்கே சொன்னவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.