யூதாசுக்கு உட்கார்ந்தவர்

எங்கள் கோயில் பீடத்தின் முன்பக்கம் கடைசி இராவுணவுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் முழந்தாளிட்டு ஜெபிப்பார்கள். நெய்வேலிக்காரர்களுக்கு அது கொஞ்சம் சிரமம். ஏனென்றால் பேதுரு சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவர். மத்தேயு மெயின் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தோமா எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா. அவர் கோயிலுக்கே வராதவர், வருஷாவருஷம் வடலூர் தைப்பூசத்துக்குப் போகிறவர். ஆனால் தாடி அப்படி அமைந்திருந்ததால் அத்தை அவரை விடவில்லை.

அதைச் செய்தவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். புதுச்சேரிப் பக்கம் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கோயில்களுக்கு மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று செய்து கொடுத்து வாழ்ந்துகொண்டிருந்தாள். அவள் செய்த மாதாவுக்கு நம்மூர் மூக்கு இருக்கும். அதற்காகவே சிலர் அவளைத் தேடி வருவார்கள். அதற்காகவே சிலர் வரமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவள் எப்போதாவது வருவாள், மதியம் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாள். அவள் வரும் நாளிலெல்லாம் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்டாக அமைந்துவிடும். ஷிப்ட் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் நாலாவது முடித்த கோடை விடுமுறையில்தான் பங்குச்சாமி அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார். ஊர்க்காரர்களை வைத்தே செய்யப்போகிறேன், அதனால் ஊரிலேயே தங்க வேண்டும் என்று அத்தை சொல்ல, அம்மா யாரையும் கேட்காமல் எங்கள் வீட்டில் இடம் ஒதுக்கிவிட்டாள். பின்கட்டில் பலாமரத்தடியில் தகரக்கொட்டகை எழுந்தது. கம்மாபுரம் பக்கத்து ஏரியிலிருந்து டிராக்டரில் களிமண் வந்தது. பலகையை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் மண்ணை அப்பி அப்பி, உட்கார்ந்திருக்கும் மனிதர்களை அத்தை வெளியே கொண்டுவந்தாள். முதலில் மண்டையோடு மாதிரி ஒன்று வரும். பிறகு கன்னம், பிறகு உதடு. கண் எப்போது வரும் என்று நான் நச்சரிப்பேன்.

“கண்ண அவசரப்பட்டு வச்சிட்டா அது நம்மளயே மொறைச்சிக்கினு இருக்கும். வேல ஓடாது. கடைசிலதான் வைக்கணும்” என்பாள்.

செய்தி பரவியதும் பிளாக்கே எங்கள் பின்கட்டுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் சீடராக ஆசை. கிரேன் ஓட்டுபவர் முடிவெட்டி, பவுடர் போட்டு வந்தார்.

“ஏங்க, பேதுருன்னா கையில மோட்சத்துச் சாவி இருக்கும்ல?”

“இது சாப்பாட்டு நேரங்க. சாவிய வச்சிக்கினு எப்படி சாப்புடுவீங்க?” என்றாள் அத்தை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஓர் அண்ணன் விளையாட்டாக ஒப்புக்கொண்டார். மறுநாள் அவருடைய அம்மா வந்து நின்றார். “இன்னும் பொண்ணே பாக்கலைங்க. யூதாசுன்னு பேராயிட்டா எவன் வூட்ல குடுப்பான்?”

பங்குச்சாமி ஒரு வழி சொன்னார். “மொகத்தத் திருப்பி வச்சிடும்மா. முதுகு தெரிஞ்சாப் போதும்.”

“அவரு கையால அப்பம் வாங்குறவன் சாமி இவன். எப்படித் திரும்பிக்குவான்? ஊட்டுறவரு மூஞ்சப் பாத்துத்தான் ஆவணும்” என்றாள் அத்தை.

சாமி மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

முதல் ஷிப்ட் முடிந்து அன்று வந்த அப்பா, சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகை வாசலில் நின்றார். “நான் ஒக்காரட்டுமா?”

அத்தை கையிலிருந்த மரக்கத்தியைத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்தாள். வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“ஒக்காரு” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “வேணாம்பா. மறைக்கல்வி கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க.”

“யாராவது ஒருத்தர் ஒக்காரணும்ல பாப்பா” என்றார் அப்பா.

அதிலிருந்து சாயங்காலந்தோறும் அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் நின்றபடியே தூங்கக்கூடியவர், அங்கே கண்ணை மூடியதில்லை. அத்தை அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பாள். “தலையத் தூக்கு”, “இந்தப் பக்கம் பாரு” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு முகத்தில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நானும் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். அப்பாவின் மூக்கோரத்தில் ஒரு மடிப்பு இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மண்ணில் அது எனக்கு முன்பே வந்திருந்தது.

மறைக்கல்வி வகுப்பில் சிரிக்கத்தான் சிரித்தார்கள். யாரும் எடுக்காத வேலையை எங்கப்பாதான் எடுத்தார், உங்கப்பாக்களுக்குத் தைரியமில்லை என்று நான் சண்டை போட்டேன். அதை மனதார நம்பவும் செய்தேன்.

கல்லூரியில் சேர்ந்து நான் விடுதிக்குக் கிளம்பிய அன்றுதான், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள். கும்பகோணத்தில் சிற்பம் படித்தபோது அத்தைக்கு உடன் படித்த ஒருவரைப் பிடித்திருந்தது. அவர் வேதக்காரர் இல்லை, வேறு மதம். அத்தை அதைச் சொன்னது அப்பாவிடம் மட்டும்தான். தாத்தாவிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், தாத்தாவிடம் கோள் சொல்லி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். பிறகு அவரே கும்பகோணம் போய், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லித் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவளும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒரு வருஷம் அவளை வெளியே விடவில்லை. அவள் சண்டை போட்டுத் திரும்பப் படிக்கப் போனபோது அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

இது எதுவும் தெரியாமல்தான் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்த அந்தக் கடைசிச் சாயங்காலத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிற்பத்தில் அப்பாவின் வாயும் கண்ணும் மட்டும் பாக்கி. அப்பத்தை வாங்கும் உதடு எப்படிக் குவிகிறது என்று அத்தைக்குப் பிடிபடவில்லை. மண்ணை வைத்தாள், வழித்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் கையைக் கழுவிவிட்டு அம்மாவிடம் தட்டில் ஓர் இட்லி வாங்கி வந்தாள். அதைப் பிட்டு, பொடியில் தோய்த்து, அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

“வாயத் தொறண்ணா.”

அப்பா வாங்கிக்கொண்டார். அத்தை கத்தியை எடுக்கவில்லை. மண் பக்கம் திரும்பவும் இல்லை. இன்னொரு வாய் பிட்டு ஊட்டினாள், பிறகு இன்னொன்று. அப்பா மென்றுகொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. அத்தைக்கும் மூக்கு சிவந்துவிட்டிருந்தது.

அம்மா அரைக்கும் பொடி எப்போதுமே காரம். “அப்பாவுக்குக் காரம், அப்பாவுக்குக் காரம்!” என்று கத்திக்கொண்டே தண்ணீர் எடுக்க நான் உள்ளே ஓடினேன்.