போனில் ஓட்டிப் பழகியவர்கள்

ஓட்டத் தெரியாதவர் கையில் காரைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பதுதான் டிரைவிங் ஸ்கூல் தொழில். திருப்பூரில் பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிற பெண் நான். முன்பெல்லாம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயந்துகொண்டே ஏறுவார்கள். இப்போது ஒரு கார் ரேஸ் போனுக்கு வந்திருக்கிறது. பொருட்காட்சியில் டோக்கன் போட்டு, ஸ்டியரிங் பிடித்து ஆடுவோமே, அதே பழைய ஆட்டம். அது வந்த பிறகு எல்லோரும் முதல் நாளே டிரைவராகத்தான் வருகிறார்கள். நீங்களும் யாருக்காவது வண்டி பழக்கி நொந்தவரென்றால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சாய்த்தால் திரும்பும்

பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறார் பிரபு. "பேசிக் எல்லாம் வேண்டாமுங்க மேடம், நான் அந்தக் கார் ரேஸ்ல பத்தாவது லெவல்" என்றபடி ஏறினார். முதல் வளைவு வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் இடப்பக்கம் சாய்த்தார். கார் நேராக ஒரு கம்பிவேலியைப் பார்த்துப் போனது. என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். திட்ட வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்:

"போன்ல லேசா சாய்ச்சாலே திரும்புமுங்க. உங்க வண்டியிலதான் ஏதோ கோளாறுங்க."

தானாக நேராகும்

அடுத்தவர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் வியாபாரி; பேரன் பேத்தி எடுத்தவர். பனியன் மூட்டை ஏற்றி நின்றிருந்த டெம்போவின் பின்பக்கத்தில் உரசிவிட்டார். நான் பிரேக் போட்டும் ஒரு நொடி பிந்திவிட்டது. ஒரு மூட்டை எங்கள் பானெட்டில் வந்து விழுந்தது. டெம்போக்காரர் ஹிந்தியில் கத்திக்கொண்டு வருகிறார். நம் ஆள் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி எதற்கோ காத்திருக்கிறார்! நானே இறங்கி, மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, அரைகுறை ஹிந்தியில் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். அவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, இடிச்சா ரெண்டு சுத்து சுத்திட்டு வண்டி தானா நேரா நிக்கோணுமல்லோ?"

கடைசி ரவுண்டு

இவர்களையாவது மன்னிக்கலாம். என்னிடம் பயிற்சியாளராக இருந்த செல்வராஜை என்ன சொல்வது?

விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர் ஜெசிந்தா. கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் வேனை ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் என்னிடம் பழக வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜோடு குன்னத்தூர் ரோட்டில் ஓட்டிப்போனபோது, ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். "அண்ணே!" என்று ஜெசிந்தா அலறியிருக்கிறார். செல்வராஜ் குனிந்த தலை நிமிரவில்லை. கையில் போன், அதில் அந்த ரேஸ். ஜெசிந்தாவே பிரேக்கை மிதித்தார். பெரியவருக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்ததாம்.

ஜெசிந்தாவே காரைத் திருப்பி ஓட்டிவந்து என் மேஜையில் சாவியை வைத்தார். "எக்கா, அந்தப் பெரியவருக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எப்படிக்கா தூங்குவேன்? இனி வண்டியே வேண்டாம்" என்றார். எனக்கு செல்வராஜ் மேல் உடம்பெல்லாம் எரிந்தது. ஜெசிந்தாவைத் தேற்றி, மறுநாளிலிருந்து நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லைசென்ஸ் வாங்கிவிட்டார், இப்போது கம்பெனி வேன் அவர் கையில்தான்.

செல்வராஜை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினேன். போகும்போது அவர் சொன்னது:

"அந்தம்மாதான் நல்லா நிறுத்திருச்சுங்களே, எனக்குத்தானுங்க கடைசி ரவுண்டுல ஆட்டம் போச்சு."

ஊரில் ஆளுக்கு ஆள் ரேஸில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டைக் கடக்கிறவர்கள்தான் பாவம், அவர்களுக்கு இன்னொரு ஆட்டம் கிடையாது.