அரசமரத்தடியில் வெள்ளைப் பொடி

சேக்காட்டில் எங்கள் தெரு முனையில் இருக்கிற அரசமரத்துக்குக் கம்பி வேலி போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். மரத்தின் வயசை எழுதிப் பலகையும் வைத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன்; நம்பவில்லை. நட்டவன் வந்து சொன்னானா? நான் கல்யாணமாகி வந்தபோதே பஸ் கண்டக்டர் "அரசமரம் எறங்கு" என்றுதான் கூவுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வருசம் ஒரு கிளை மட்டும் காய ஆரம்பித்தது. இலை உதிர்கிற காலம் என்றார் பூங்கா வாட்ச்மேன். உதிர்ந்தால் மரம் முழுக்க அல்லவா உதிரும்? அந்தக் கிளைக்கு நேர் கீழேதான் பூங்காவை ஒட்டிக் கட்டின புது ஃபிளாட்காரர்களின் கார்கள் நிற்கின்றன. காக்கை எச்சம் விழுகிறது என்று அவர்கள் புலம்பியதை நானே கேட்டிருக்கிறேன். வேரில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும். வேண்டாத மரத்தைச் சத்தமில்லாமல் அப்படித்தான் முடிப்பார்கள். அதனால் காலையில் நடக்கிற சாக்கில் காவலுக்குப் போனேன்.

ஒரு சனிக்கிழமை, அந்த ஃபிளாட்டில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேலிக்குள் கையை விட்டு வேர்மேல் வெள்ளையாக எதையோ தூவினார்.

"இன்னா நைனா போட்டுகினு கீற?"

"ஒண்ணுமில்லம்மா." கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்குக் கைய மறைக்கிற? காட்டு."

மோந்து பார்த்தேன். பெருங்காய வாசனை இல்லை. பச்சரிசி மாவும் சர்க்கரையுமாம். சனி பிடித்திருக்கிறது, எறும்புக்குப் போடு என்று ஊர் ஜோசியர் சொன்னாராம். மனைவிக்குத் தெரிந்தால் சிரிப்பாளாம்.

எறும்புக்கு மாவு போடுகிற வழக்கம் எனக்குத் தெரியாததா? சாக்குச் சொல்கிறவருக்கும் அது தெரிந்திருக்குமே.

"எறும்பு வர்ற வரிக்கும் நீயும் இங்கியே குந்து."

இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் போனைப் பார்த்தார்; நான் மாவைப் பார்த்தேன். வெயில் ஏறின பிறகு ஓர் எறும்பு வந்தது. பின்னாலேயே வரிசை வந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றுகூடச் சாகவில்லை.

போகச் சொன்னேன். எழுந்தவர், "கிளைய வெட்டணும்னு சொல்றது மேல் வீட்டுக்காரங்கம்மா, நான் இல்ல" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லையே.

மறுநாள் இன்னும் சீக்கிரம் போனேன். வேலிக்குள் கையை விட்டு, காய்கிற கிளைப் பக்கத்து வேரைத் தடவித் துளை தேடினேன். எட்டினவரைக்கும் இல்லை. அதற்கு மேல் அந்த வேர் ஃபிளாட் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் உள்ளே போகிறது.