பெத்தணன் அண்ணாச்சியின் நீல டிரம்

பெத்தணன் அண்ணாச்சியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், யோசிக்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி நான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் தும்மினால் என் அடுப்படிக்குக் கேட்கும். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த ஒரு வார்த்தை எனக்குச் சிக்கவில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். மை, பசை, வார்னிஷ், மெஷின் ரோலரைக் கழுவுகிற கெமிக்கல் எல்லாம் அவர் கண் பார்வையில்தான் உள்ளே போகும். காலியானதும் டப்பா மட்டும் அவரோடு வெளியே வரும். ஓசி என்றால் மனிதருக்கு மூக்கில் வேர்த்துவிடும். குளிக்கப் பசை வாளி, கக்கூஸுக்கு வார்னிஷ் கேன், துளசி வளர்க்க மை டப்பா. காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் என்று அந்த வீட்டில் ஒரு சீப்பு இருக்கலாம். அதுவும் நிச்சயமில்லை.

என் மகள் கீர்த்திகா கல்யாணத்துக்கு வந்து, மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, முருகன் படம் போட்ட பழைய காலண்டர் தாளில் சுற்றி ஒரு பரிசு வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் பசை வாளி. கைப்பிடிகூட இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு மானம் போயிற்று. அடுத்த வாரம் தெருவில் பார்த்து, வாளி உபயோகமாக இருக்கிறதா என்று வெட்கமில்லாமல் விசாரித்தார். இதில் உபதேசம் வேறு. உலகத்தில் குப்பை என்று ஒன்று கிடையாதாம், நம்மைப் போன்றவர்கள்தான் கண்டதை வாங்கிப் பூமியைக் கெடுக்கிறோமாம். கஞ்சத்தனத்துக்கு இப்படி ஒரு சட்டை மாட்டிவிட அவரால்தான் முடியும்.

அவர் மனைவி வீரலட்சுமி வாயில்லாப் பூச்சி. வீட்டில் உட்கார்ந்து காலண்டர் அட்டைகளுக்குக் கயிறு கோர்ப்பாள். அந்தக் கூலியில் தனக்கென்று அவள் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு பொருள், கண்ணாடி மீன்தொட்டி. அதில் கோல்ட் பிஷ் வளர்த்தாள். ஒன்று நல்ல தடியாக, சிவப்பாக இருக்கும். அதற்குச் செவத்தான் என்று பேர். அவள் குரல் கேட்டால் கண்ணாடி ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கயிறு கோர்த்துக்கொண்டே நாள் முழுக்க அதனோடு பேசிக்கொண்டிருப்பாள். அண்ணாச்சியோடு அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

போன சித்திரையில் அந்தத் தொட்டியின் மூலையில் பசை விட்டுப்போய்த் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஒட்டிக் காயவைக்கிறவரை மீன்களை வேறு எதிலாவது விட வேண்டும். அவசரத்துக்குச் சமையல் அண்டாவில் போட்டிருந்தாள். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. நான் இட்லி மாவு விற்கிறவள். பெரிய வெள்ளை வாளி ஒன்றைத் தருகிறேன், மாவைத் தவிர வேறெதுவும் அது கண்டதில்லை என்றேன். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். என்னிடம் வாங்கினால் நாளைக்கு நான் ஏதாவது கேட்டுவிடுவேனாம். சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு நீல டிரம்மை மேல்பக்கம் அறுத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். ஒட்டியிருந்த லேபிளைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தார். அதைத்தான் முதலில் கவனித்தேன்.

விருதுநகர் ஸ்டேஷன் பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிற தவுபிக் என்ற பையனிடம் வீரலட்சுமி போனில் கேட்டிருந்தாள். சாப்பாட்டுச் சாமான் இருந்த டப்பா என்றால் மட்டும் எடுங்கள் அக்கா, என்ன இருந்தது என்று தெரியாததைத் தொடவே தொடாதீர்கள் என்று அவன் சொல்லியிருந்தான். சோப்பு போடக் கூடாது, கல் உப்பும் வெந்நீரும் போதும். கழுவிய பிறகு தண்ணீரை நிரப்பி நாலு நாள் அப்படியே வைத்து மோந்து பார்க்க வேண்டும். வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கெமிக்கலைப் பிளாஸ்டிக் உள்ளே குடித்துவைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடுமாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த டிரம்மில் என்ன இருந்தது என்று அண்ணாச்சியிடம் கேட்டாள்.

"மைதாப் பசைளா. நாம திங்கிற மைதாதான். மீனு தின்னாக்கூட ஒண்ணும் ஆகாது."

அவள் நம்பினாள். நான் நம்பவில்லை. மைதாப் பசை இருந்த டிரம்மில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை ஏன் வருகிறது என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். வெயிலில் காய்ந்தால் எல்லா டிரம்மிலும் அப்படித்தான் வரும் என்று படித்தவர் மாதிரி விளக்கினார். சோப்புத் தூளைக் கொட்டி இரண்டு தேய், ஒரு அலசல், முடிந்தது அவர் சுத்தம். இருந்தாலும் நாலு நாள் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம் என்று வீரலட்சுமி சொல்லிவிட்டாள். மறுநாள் கோர்த்த அட்டைகளைக் கொடுக்க அவள் கம்பெனிக்குப் போன நேரத்தில், அண்டாவை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அவரே மீன்களை அள்ளி டிரம்மில் போட்டுவிட்டார். திரும்பி வந்தவளிடம், மைதாதானே, ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்ல, அவளும் விட்டுவிட்டாள்.

விடிந்து பார்த்தால் எல்லாம் மிதந்தன. செவத்தான் பக்கவாட்டில் சாய்ந்து, செவுளை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு கிடந்தது. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் போயிற்று.

அப்போதாவது மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? முந்தின நாள் அவள் தீனியை அதிகமாகப் போட்டுவிட்டாள் என்றார். வயிறு வெடித்துச் செத்தது என்றார். அவள் தலையைத் தலையை ஆட்டி அழுதாள். ஆமாம் அக்கா, அண்டாவில் தவித்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இரண்டு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று என்னிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விடுளா விடுளா என்று தேற்றினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் கையில் அத்தாட்சி இல்லாமல் புருஷன் பெண்டாட்டி நடுவில் என்ன பேச?

நான் சும்மா இருக்கிற ஜாதியும் இல்லை. அந்த வாரம் முழுக்கத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் டிரம் வாடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவர் காதுக்கு எட்டியது. நல்ல தண்ணீர் வருகிற அன்று, குடத்தோடு தெருவே நிற்கையில், வாசலில் கிடந்த நீல டிரம்மைக் காட்டி, என் பக்கம் திரும்பாமல் எனக்குக் கேட்கும்படி பேசினார்.

"பொறாமை பிடிச்சவுக ஆயிரம் சொல்லுவாக. இனிமே எங்க வீட்டுக்குக் குடிக்கிற தண்ணியே இந்த டிரம்முலதான். ஏளா, பிடி."

வீரலட்சுமி குடத்தை எடுத்தாள். குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து டிரம்மை நிரப்பினாள். இடுப்பு வலிக்காரி ஆயிற்றே என்று நானும் இரண்டு குடம் தூக்கிப்போய் ஊற்றினேன். நிரம்பியதும் உள்ளே போய் ஒரு தம்ளர் எடுத்துவந்து, டிரம்மில் முக்கி அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க."

இப்போதுதான் டீ குடித்தேன் என்றார் அவர். அவள் கையை இறக்கவில்லை. வாங்கிக்கொண்டார். வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே தம்ளர் நின்றது. என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் குடிக்கிறேன் என்று முணுமுணுத்தார்.

"அப்ப என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு," என்றாள் வீரலட்சுமி. குரலை உயர்த்தவே இல்லை. "தீனியப் போட்டு நாந்தான் கொன்னுட்டேன்னு அம்புட்டு அழுதேன். நீக பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக."

 அண்ணாச்சி தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.